குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையும் சொற்றடுமாற்றமும்

உயிரைக் காக்கப் புகுந்த படையே ஒரோவழி அவ்வுயிர்க்கு இடர் விளைத்தலும் உண்டு. இவ்வுண்மையை இக்கால மருத்துவர் கையாளும் ‘கார்-டி’ உயிரணுச் சிகிச்சையினின்று தெளியலாம்.

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ‘டி’ அணுக்கள் என்பன நோயை எதிர்க்கும் காவலர் போல்வன. நோயாளியின் உடலினின்று அவற்றைப் பிரித்தெடுத்து, புற்றணுவை இனங்கண்டு அழிக்குமாறு ஆய்வுக்கூடத்தில் மாற்றிப் பெருக்கி, மீட்டும் அவர் குருதியிற் செலுத்துவதே இச்சிகிச்சை. அமெரிக்காவில் 2017-இல் இதற்கு முதன்முதல் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவ நிலையமும் கூடி உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023-இல் ஒப்புதல் பெற்றது. 2024 ஏப்ரல் 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அதனைத் தொடங்கிவைத்தார்.

புற்றணுவோடு பொருங்கால் சைட்டோகைன் எனும் பொருள்கள் மிகுதியாகச் சுரக்க, மூளைக்குரிய இரத்தக் குழாய்களின் காவல் தளர்கின்றது. அதனாற் சிலர்க்கு முதற் சில வாரங்களில் கைந்நடுக்கமும், மனக்குழப்பமும், சொல் தோன்றாமையும், கடியதாயின் வலிப்பும் நேரும்.

இதனை அறிய மருத்துவர் நிகழ்த்தும் சோதனை எளியது. மொத்த மதிப்பெண் 10. ஆண்டு, திங்கள், ஊர், மருத்துவமனை இவற்றைச் சொல்லுதற்கு 4. மூன்று பொருள்களைப் பெயரிடுதற்கு 3. ஏவியது செய்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், 100-லிருந்து பத்துப்பத்தாய்க் குறைத்தெண்ணுதல் இவற்றிற்கு ஒவ்வொன்று. நேற்றுச் செவ்வையாய் எழுதியவர் கையெழுத்து இன்று கோணுமாயின், அதுவே முதல் எச்சரிக்கை.

தமிழ் பயில்வார் ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. இச்சோதனை நோயாளியின் தாய்மொழியில் நிகழாவிடின் பயன் யாது? நம் ஊரவருள் ஒருவர் ‘புதுவை’ என்பார். மற்றொருவர் ‘பாண்டிச்சேரி’ என்பார். 2006 முதல் அரசினர் வழங்கும் பெயர் ‘புதுச்சேரி’. மூன்றும் சரியே. ஆகஸ்டு இறுதியில் ‘ஆவணி’ என்று விடைகூறும் மூதாட்டியும் தவறினாரல்லர். எழுத்தறியாதாரை எழுதவில்லையென்று குறைத்து மதித்தலும் தகாது. ஆதலின், சிகிச்சைக்கு முன்னரே அவரவர் பேச்சும் எழுத்தும் இருந்தவாறு குறித்துக்கொள்ளல் வேண்டும். உடனிருக்கும் உற்றாரும், பேச்சு மாறக் காணின் விடியுமட்டும் பொறுத்திராது, அப்பொழுதே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

டெக்சாமெத்தசோன் முதலிய மருந்துகளால் பெரும்பாலோர்க்கு இத்தடுமாற்றம் நீங்குகின்றது; அரிதாய் உயிர்க்கேடும் நேர்ந்துளது. அன்பர்களே, தேர்வு மண்டபத்தில் நாம் கருதாது எழுதிச்செல்லும் ஒரு வரி, நோய்ப்படுக்கையில் ஒருவர் அறிவு நிலைபெற்றுளதென்பதற்குச் சான்றாகின்றது. மொழியை அறிந்தார்க்கும் மருத்துவமனையிற் செய்தற்குரிய தொண்டு உண்டென்பது இதனாற் பெறப்படும்.