பசியும் படிப்பும்

மனிதனைச் செயலுக்குத் தூண்டுவது எது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் இதற்கு ஒரு விடை தந்தார். உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முழுமையாக்கல் எனத் தேவைகள் ஐந்து படிகளாம். கீழ்ப்படி ஓரளவு நிறைந்த பின்னரே மேற்படி மனத்தை ஈர்க்குமாம்.

இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுணர்ந்தே காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது.

ஆயினும் வாழ்க்கை எப்போதும் படி வரிசையில் நடப்பதில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் களையெடுக்கும் என் அன்னையார், தம் இரவுச் சோற்றைக் குறைத்துக்கொண்டே என் தேர்வுக் கட்டணத்தைச் சேர்த்தார். வீட்டில் ஒரு பட்டதாரி உருவாக வேண்டும் என்ற எண்ணம் அவர் பசியை வென்றது. இத்தகைய விலக்குகள் உண்டென மாஸ்லோவும் ஒப்புக்கொண்டுள்ளார்.

அரியலூர், பெரம்பலூர்ச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் அவ்விலக்குகளின் பிள்ளைகளே. ஆதலின், பசியைத் தீர்ப்பது அரசின் கடமை; பசியோடு நம்மைப் படிக்க அனுப்பியோரை மறவாமல் கற்பது நம் கடமை என்பதே என் துணிபு.