அப்பா பக்கத்தையும் எண்ணு

மதுரை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் என்று ஸ்கேனில் வந்ததை உன் அப்பா போனில் சொன்னான். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டாராம். உன் அம்மா தன் தாயார், சித்தி, தங்கைகள் என்று எல்லோரையும் விரல்விட்டு எண்ணிவிட்டு, யாருக்கும் இல்லை என்று சொன்னாளாம்.

எனக்கு இருந்தது, கண்ணு. பதினான்கு வயதிலிருந்தே. மாதத்தில் இரண்டு நாள் பட்டாசாலையில் சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடப்பேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டைச் சுற்றி, அடிவயிற்றுக்குக் கீழே செருகிக்கொள்வேன். உன் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. மருந்துக்கடைக்கு ஓடிப்போய் பாரால்கன் வாங்கி வருவது அவன் வேலை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். கல்யாணம் ஆயிற்று, வலி போகவில்லை. முப்பத்தொரு வயதில் வயிற்றைத் திறந்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது. உங்கள் வீட்டில் 'ஏதோ கட்டி ஆபரேஷன்' என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அது என் தப்பு.

அத்தையை உரித்து வைத்திருக்கிறாள் என்று உன் மூக்கைப் பார்த்துச் சொல்வார்கள். மூக்கு வந்த வழியில் இதுவும் வரலாம். பெண்களுக்கு வரும் நோய், அதனால் தாய் வழியாகத்தான் வரும் என்று நினைப்பது தவறு. உன் மரபணுவில் பாதி அப்பா கொடுத்தது. ஆணுக்கு இந்த நோய் வருவது மிக அபூர்வம், ஆனால் அவனால் கைமாற்றிவிட முடியும்.

மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். சிலருக்கு மட்டும் கருப்பையின் உட்படலம் போன்ற திசு அங்கேயே ஒட்டி வேர்பிடித்து, மாதாமாதம் கசிந்து, ரணமாகி, தழும்பாகிறது. அந்தச் சிலர் யார் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இரட்டைச் சகோதரிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் அந்தப் பங்கு ஏறக்குறைய பாதி என்று தெரிந்தது. உடனே உன் வலியில் பாதி எங்கள் வீட்டுச் சீர் என்று கணக்குப் போடாதே. அது ஊர் மொத்தத்துக்கான கணக்கு, தனி ஆளுக்குப் பொருந்தாது.

ஒரே ஒரு கெட்ட மரபணு என்றும் இல்லை. 2023-ல் வந்த ஆய்வில், நோயுள்ள சுமார் 60,000 பெண்களை நோயில்லாத 7 லட்சம் பேரோடு ஒப்பிட்டு, மரபணுத் தொகுப்பில் இந்த நோயோடு தொடர்புள்ள 42 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் நோய் வரும் வாய்ப்பைத் தம்மாத்துண்டு கூட்டுகிறது, அவ்வளவுதான். அவற்றில் சில ஒற்றைத் தலைவலியோடும் உறவு கொண்டவை. உனக்கு அதுவும் உண்டே, அதையும் டாக்டரிடம் சொல். எச்சிலை அனுப்பினால் ஜாதகம் போல் நோயைச் சொல்கிறோம் என்று விளம்பரம் வந்தால் காசைக் கொட்டாதே. இந்த நோய்க்கு அப்படி அறுதியிட்டுச் சொல்லும் பரிசோதனை இல்லை.

மிச்சப் பாதி நீ தின்ற பரோட்டா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. சீக்கிரம் வயதுக்கு வருவது, மாதவிலக்கு நாள் தள்ளாமல் அடுத்தடுத்து வருவது, அதிகப் போக்கு, இவையெல்லாம் இந்த நோயோடு சேர்ந்து காணப்படுபவை. ஆறேழு பிள்ளை பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் பால் கொடுத்த உன் கொள்ளுப்பாட்டி ஆயுசில் எத்தனை முறை தூரமாகியிருப்பாள்? நீ பதினொன்றில் உட்கார்ந்தவள். இதில் உன் குற்றம் என்ன இருக்கிறது?

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் உண்டு. 1989-ல் தொடங்கி அமெரிக்க நர்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். தினம் இரண்டு வேளைக்கு மேல் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பிறைச்சி சாப்பிட்டவர்களுக்கு நோய் கூடுதலாகவும், மீனில் கிடைக்கும் ஒமேகா 3 கொழுப்பை அதிகம் எடுத்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்ததாம். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பும் கெட்ட பட்டியலில்தான். ஆகவே பேக்கரி பப்ஸைக் குறைத்து மத்தி மீனைக் கூட்டு. உடம்புக்கு எப்படியும் நல்லது. ஆனால் மத்தி மீன் வந்த கட்டியைக் கரைக்காது. காபியை விடச் சொல்லி உன் அம்மா நச்சரித்தால், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடு. வலி எந்தத் தேதியில், எத்தனை மாத்திரை, வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா, எத்தனை நாள் லீவு, எல்லாம் எழுது. 'ரொம்ப வலிக்கிறது' என்று வாயால் சொன்னால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று தள்ளிவிடுவார்கள். எனக்குப் பதினேழு வருஷம் தள்ளினார்கள்.

என் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பிரிக்கும்போது பார்த்துப் பிரி. வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது கொண்டு போ. அப்பாவையும் கூட்டிப் போ. அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதே, உள்ளே வரட்டும். அந்த பாரால்கன் எதற்கென்று அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

உன் அத்தை