பட்டதாரியும் பஸ் பணிமனையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி, மழையையும் கண்மாயையும் நம்பியிருக்கும் வானம் பார்த்த பூமியாகும். இங்கே உழவர் குடும்பங்களில் பிறந்து, நாள்தோறும் பஸ்ஸில் சென்று கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் இன்று ஊர்தோறும் இருக்கின்றனர். பட்டம் கைக்கு வந்ததும் அவர்களுட் பலர் நாடும் இடங்களுள் ஒன்று, தம்மைக் கல்லூரிக்குக் கொண்டு சென்ற அந்தப் பஸ்ஸை ஓட்டும் நிறுவனமே. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் பட்டதாரிகளைத் தொழில் பழகுநர்களாக ஏற்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன், “அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது” என்று வீட்டார் மகிழ்வதுண்டு. அந்த மகிழ்ச்சியிற் பாதி பொருத்தமானது, மறுபாதி பொருத்தமற்றது. இரண்டையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கழகம் எத்தகையது?

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நம் பகுதியிற் பஸ்களை ஓட்டியவர்கள் தனி முதலாளிகளே. 1947-இல் சென்னை நகரப் பஸ் போக்குவரத்தை அரசாங்கம் மேற்கொண்டது. 1971-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பெரிய பஸ் கம்பெனிகளின் வண்டிகளும் வழித்தடங்களும் அரசுடைமை ஆயின. அதன் தொடர்ச்சியாகக் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் போக்குவரத்துக் கழகம் 1972 மார்ச் 1-ஆம் நாள் தோன்றியது. பல பெயர்களில் இயங்கிய இத்தகைய கழகங்களுட் பெரும்பாலானவை 1997-இல் தலைவர்கள், மன்னர்களின் பெயர்களை விடுத்து, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயரைப் பெற்றன. இன்று கும்பகோணம் கழகத்தின் கீழ்க் கும்பகோணம், நாகப்பட்டினம், திருச்சி, கரூர், காரைக்குடி ஆகியவற்றுடன் புதுக்கோட்டையும் ஒரு மண்டலமாக விளங்குகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழகம் ஓர் அரசுத் துறை அன்று. கம்பெனிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பெற்று, பங்குகளை அரசாங்கமே வைத்திருக்கும் நிறுவனம் அது. அதன் தொழிலாளரின் ஊதியம், தொழிற்சங்கங்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தால் முடிவாகிறது. ஆதலின் கழகத்திற் சேர்வதும், ஒரு தாலுகா அலுவலகத்திற் சேர்வதும் ஒன்றல்ல.

2. தொழில் பழகுநர் என்பவர் யார்?

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் கைத்தொழில் கற்போருக்காக ஏற்பட்டது. 1973-இல் செய்த திருத்தம் பொறியியற் பட்டதாரிகளையும் டிப்ளோமா பெற்றோரையும் அதிற் சேர்த்தது. 2014-இல் செய்த திருத்தத்தால் கலை, அறிவியல், வணிகவியல் முதலிய பட்டங்களைப் பெற்றவர்க்கும் வழி திறந்தது. தென்மாநிலங்களில் இப்பயிற்சியை மேற்பார்வையிடுவது, சென்னையிலுள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். விண்ணப்பம் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளம் வழியாகவே செய்யப்படுகிறது. பட்டப்படிப்பில் பெற்ற மதிப்பெண்களின் அடிப்படையிற் பட்டியல் தயாரித்து, சான்றிதழ்களைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வர்.

பயிற்சிக் காலம் ஓராண்டு. 2019-இல் செய்த விதித்திருத்தம், பட்டதாரிப் பழகுநருக்கு மாதந்தோறும் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என வகுத்தது. விண்ணப்பிக்கும் ஆண்டில் என்ன தொகை என்பதை அவ்வாண்டின் அறிவிப்பிற் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தொகை சம்பளம் அன்று. சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநரைப் பயிலுபவர் என்றே கூறுகிறது. தொழிலாளர் என்று கூறவில்லை. ஆயினும் பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் நஷ்டஈடு பெறும் உரிமை அவருக்கு உண்டு. வேலை நேரத்துக்கும் விடுமுறைக்கும் விதிகள் உண்டு. கையெழுத்திடும் உடன்படிக்கையை ஒருமுறை முழுவதும் படித்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

ஒருமுறை பழகுநராய் இருந்தவர் மறுமுறை ஆக இயலாது. ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்து அநுபவம் பெற்றவரும் தகுதி பெறார். ஆகவே இந்த ஓராண்டு, வாழ்வில் ஒரே முறை கிடைக்கும் வாய்ப்பாகும். அதை வீணாக்கினால் மீண்டும் கேட்டுப் பெற வழியில்லை.

3. பணிமனை கற்பிக்கும் பாடம்

பஸ் நிலையத்தில் நாம் காண்பது வண்டியை மட்டுமே. அந்த வண்டி விடியற்காலையிற் புறப்படுவதற்காகப் பணிமனையில் இரவெல்லாம் வேலை நடக்கிறது. இயந்திரவியல் பயின்றவர், பிரேக், டயர், இஞ்சின் ஆகியவற்றின் அன்றாடப் பராமரிப்பையும், வண்டியைத் தகுதிச் சான்றுக்கு ஆயத்தம் செய்வதையும் அங்கே காணலாம். வணிகவியல் பயின்றவர், நடத்துனர் கொண்டுவரும் வசூலும் பயணச்சீட்டுக் கணக்கும் எவ்வாறு ஒத்துப்பார்க்கப்படுகின்றன என்பதை அறியலாம். கலைப் பட்டதாரியும் அறிவியற் பட்டதாரியும், கால அட்டவணை, ஓட்டுநர் நடத்துனரின் பணிமுறைப் பட்டியல், உதிரிப்பாகக் கிடங்கு ஆகியவற்றிற் பழகலாம்.

டீசல் கணக்கை உதாரணமாகக் கொள்வோம். ஒரு பஸ் நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் 60 லிட்டர் செலவாகும். அதே பஸ் 5.5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 54.5 லிட்டர் போதும். நாளுக்கு ஐந்தரை லிட்டர் மிச்சம். மாதத்துக்கு 160 லிட்டருக்கு மேல். ஐம்பது பஸ்கள் உள்ள பணிமனையில் இது மாதம் 8,000 லிட்டரைத் தாண்டும். டயரிற் காற்றின் அளவு, ஓட்டுநரின் கால் பழக்கம், அடைபட்ட வடிகட்டி போன்ற சிறு விஷயங்களே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். வகுப்பறையிற் படித்த வகுத்தல் கணக்கு இங்கே ரூபாயாக மாறுகிறது.

இன்னோர் உதாரணம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களிற் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றனர். அதற்குரிய தொகையை அரசாங்கம் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. ஆகவே அவர்களுக்குத் தரப்படும் கட்டணமில்லாச் சீட்டு வெறும் காகிதம் அன்று. கீரனூர்ச் சந்தைக்கும் அறந்தாங்கி மருத்துவமனைக்கும் எத்தனை பெண்கள் சென்றனர் என்பதற்கு அதுவே சாட்சி. சீட்டு கொடுபடாவிட்டால் அந்தப் பிரயாணம் கணக்கில் ஏறாது. பழகுநர் ஒருவர் இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்வாரானால், ஒரு கிராமத்துக்கு எத்தனை நடை தேவை என்பதைக் காரணத்துடன் எடுத்துரைக்கும் ஆற்றல் பெறுவார். காலை நடை ஒன்று ரத்தானால் பள்ளிப் பிள்ளைகளும் கூலிக்குச் செல்வோரும் படும் பாட்டை, அதே கிராமத்திலிருந்து வருபவரைவிட நன்கு உணரக்கூடியவர் யார்?

பெண் பட்டதாரிகளும் தயங்கத் தேவையில்லை. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டத்தின் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகி, நாடெங்கும் பேசப்பட்டனர். அவர்களின் பெண்மக்கள் பணிமனைக் கணக்கறையிலும் பழுதுபார்க்கும் கூடத்திலும் அமர்ந்து பயில்வது, அந்தப் பயணத்தின் அடுத்த கட்டமே.

4. ஓராண்டுக்குப் பின்

பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கும்; வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பயிற்சி பெற்றவருக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும் பழகுநர் முற்றிலும் வெறுங்கையராக நிற்பதும் இல்லை. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பயின்றவர்கள் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏனைய தகுதிகள் சமமாயிருக்குமானால், பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும், அதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பரிந்துரை வேண்டியதில்லை என்றும் அது கூறியது. முன்னுரிமை வேறு, உறுதி வேறு. போட்டியிற் சமமாய் நின்றால்தான் முன்னுரிமை பயன் தரும்; சமமாய் நிற்கும் தகுதியை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும்.

நிலையான பணியிடங்களுக்குத் தனி அறிவிப்பு வரும். 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் நடத்துனர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன. அதற்குக் கேட்கப்பட்டது பட்டம் அன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், கனரக வாகன ஓட்டுநர் உரிமமும், நடத்துனர் உரிமமுமே. அரசு நிறுவனங்களின் பணியிடங்களுக்கு ஆள் தேர்வு செய்யும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு அளிக்கும் சட்டம் 2022-இல் நிறைவேறியது. ஆகவே தேர்வாணைய அறிவிப்புகளையும் தவறாது கவனித்துவர வேண்டும். பயிற்சி நடக்கும்போதே மாலையிலும் விடுமுறையிலும் தேர்வுக்குப் படிப்பவரே பின்னர் பயனடைவர்.

இவ்விடத்தில் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. “பழகுநராகச் சேர்த்துவிடுகிறேன்; பின்பு நிரந்தரம் ஆக்கித் தருகிறேன்” என்று பணம் கேட்பவர்களை நம்பலாகாது. சேருவதற்கு எவர்க்கும் கைக்கூலி தரவேண்டியதில்லை. நிரந்தரம் ஆக்கும் அதிகாரம் இடைத்தரகர் எவர்க்கும் இல்லை. இதற்காக நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு, பணமும் போகும். பிள்ளையின் ஓராண்டும் மனக்கலக்கத்திற் கழியும்.

பழகுநராகச் சேரும் இளைஞர் முதல் நாளிலேயே ஒரு குறிப்பேடு தொடங்குவாராக. அன்று கண்ட பழுது, அதன் காரணம், சரிசெய்த முறை, கணக்கில் நேர்ந்த வேறுபாடு ஆகியவற்றை இரவில் ஐந்து வரி எழுதினால் போதும். அநுபவம் மிக்க மெக்கானிக்கிடமும் நேரக் காப்பாளரிடமும் பணிவுடன் கேட்டறிவாராக. வண்டிப் பணிமனை, சரக்குப் போக்குவரத்து, சொந்தத் தொழில் என எங்கு சென்றாலும் அக்குறிப்பேடு துணை நிற்கும்.

வாசகசாலையில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்

1. போக்குவரத்துக் கழகம் அரசுத் துறையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. தொழில் பழகுநரின் உதவித்தொகையை ஏன் சம்பளம் எனக் கருதலாகாது?
3. 1995-ஆம் ஆண்டின் தீர்ப்பு தரும் முன்னுரிமை எப்போது பயன்படும்?
4. உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் நடைகளை ஒரு வாரம் குறித்துவாருங்கள். எந்த நடையில் கூட்டம் மிகுதி? எது அடிக்கடி ரத்தாகிறது? அக்கணக்கைக் கொண்டு பணிமனைக் கிளை மேலாளருக்கு ஒரு மனு எழுதிப் பழகுங்கள்.