மலைக்கு முன் அடிவாரம்

ஈப்போ

யாழினிக்கு,

புதிதாக வாங்கிய சைக்கிளில், வருகிற விடுமுறையில், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிவிடுவதென்று நீயும் உன் தோழிகளும் தீர்மானித்துவிட்டு, அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். தீர்மானம் ஆனபிறகு கேட்கப்படும் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு என்பதை நான் அறிவேன். ஆயினும் கேட்ட பெண்ணுக்கு மறுமொழி சொல்லாதிருப்பது முறையல்ல. பெண்பிள்ளைகள் தனியே போகலாமா என்று உன் பாட்டி கேட்கிறாள். அவளுடைய தாயார் விடியுமுன் கும்மிருட்டில் தனியாகப் பால்வெட்டுக்குப் போனவள் என்பதை ஞாபகப்படுத்தினேன். அதற்குமேல் அவள் பேசவில்லை.

சிம்பாங் பூலாய்ச் சாலை மோட்டார் வண்டிகளின் வேகத்துக்காகவே மலையின் விலாவை வெட்டிப் போட்ட அகலமான சாலை. காய்கறி ஏற்றிய லாரிகள் பிரேக் கருகும் நாற்றத்தோடு இறங்கி வருவதும், பெருமழைக்குப்பின் சரிவுகளிலிருந்து மண் பெயர்ந்து விழுவதும் அங்கே சகஜம். போதாக்குறைக்கு, அதன் தொடக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் உடைக்கும் குவாரிகளின் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கும். 1930களின் தொடக்கத்திலிருந்து இருந்துவரும் தாப்பா சாலையோ குறுகலானது, வளைவுகள் மிகுந்தது. திருப்பத்தில் பஸ் எதிர்ப்பட்டால் ஒதுங்குவதற்குப் பாறையும் பள்ளமும்தான் உண்டு. ஏறியே தீரவேண்டுமென்ற பிடிவாதம் இருந்தால், மெங்லெம்புவிலிருந்து கிளேடாங் குன்றின்மேல் தொலைத்தொடர்புக் கோபுரங்கள்வரை போகும் தார்ச்சாலை இருக்கிறது. பொதுஜனங்களின் மோட்டார் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. ஏறக்குறைய எண்ணூறு மீட்டர் உயரம். கால்களின் கர்வத்தை அடக்க அது தாராளமாகப் போதும்.

ஆனால் நான் உனக்குச் சிபாரிசு செய்வது உச்சிகளை அல்ல, அடிவாரத்தை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் தொடரும் காவல் நிற்க, நடுவே கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் இந்தப் பிரதேசத்தில், மோட்டார் நடமாட்டம் அரிதான வழிகள் எவரும் உல்லாசப் பிரயாணிகளுக்கென்று போட்டவை அல்ல. அவை தோட்டச் சாலைகள், ரப்பருக்காகப் போட்டவை. விடியற்காலைக் குளிர்ச்சியில் வெட்டி, மங்குகளில் நிரம்பிய பாலை வாளிகளில் சேர்த்து, அது உறைந்து கெட்டுப்போகுமுன் ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்த்தாகவேண்டும் என்ற ஒரே நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்தது அச்சாலைகளின் அமைப்பு. மாட்டு வண்டியும், காண்டாக் கம்பில் இரண்டு வாளி தூக்கிய மனிதனும் சிந்தாமல் சிதறாமல் வந்து சேரவேண்டியிருந்ததால், அவை குன்றின்மேல் நேராகப் பாயாமல் அதன் இடுப்பைச் சுற்றி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சைக்கிள்காரனுக்கு வேண்டிய சரிவும் அதுவேதான்! பழைய தோட்டத்தில் எந்தச் செம்மண் பாதையைப் பிடித்தாலும், சுற்றிச் சுற்றியாவது, ஸ்டோருக்கோ ஆபீசுக்கோ கோயிலுக்கோ வந்து சேருவாய்.

உன் வண்டிக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று, இன்று பெருமரமாகி, அந்த ஊர் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அதை நட்டபோது அந்தப் பாலுக்கு வரப்போகும் பெரிய கிராக்கி கண்ணுக்குத் தெரியவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்னும் மிருக வைத்தியர் காற்றடைத்த டயரைச் செய்தார். அது முதலில் ஓடியது சைக்கிளில்தான், மோட்டார் பிற்பாடு வந்தது. அந்த டயர்களின் பசிக்குத்தான் இங்கே காடுகள் அழிந்து கித்தாத் தோப்புகள் எழுந்ததும், கங்காணிகளின் பின்னே நம் முன்னோர்கள் கப்பலேறியதும் நிகழ்ந்தன. ஆகவே, தோட்டத்துச் சாலையில் சைக்கிள் விடுவதைப் பட்டணத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த விநோதமாக எண்ணாதே. பெரட்டு என்னும் ஆட்கணக்கெடுப்பு முடிந்ததும் உளியும் வாளியும் கட்டிய சைக்கிள்களில் நிரைக்குப் போனவர்கள், உன் கொள்ளுத்தாத்தா உட்பட, நீ போகப்போகும் அதே வளைவுகளில் கியர் இல்லாமல் ஏறியவர்கள். 1941 கடைசியில் ஜப்பானியச் சிப்பாய்களும் நெடுஞ்சாலையிலும் தோட்டச் சாலைகளிலும் சைக்கிளிலேயே தெற்கே இறங்கினார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு விளிம்பில் கடகடவென்று ஓட்டிப் போனார்கள். கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை அவர்களைத் தடுத்து நிறுத்த முடிந்தது.

முதலில் நீ போகவேண்டிய வழி கோப்பெங்கிலிருந்து பத்து காஜாவை நோக்கியது. நடுவில் கெல்லி மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் காலமாகிவிட்டதால் முற்றுப்பெறாமல் நின்றது. மாளிகையைப் பார்க்க ஜனங்கள் கூடுவார்கள்; நீ சற்றுத் தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலைப் பார். கட்டட வேலையின்போது விஷக்காய்ச்சல் கூலியாட்கள் பலரைக் கொண்டுபோன பிறகு எழுப்பிய கோயில் அது. மேல்தளத்தில் தெய்வங்களோடு கோட்டு அணிந்த துரை ஒருவரும் நிற்பார். அவரை அங்கே ஏற்றிவைத்த மனசு பயமா, நன்றியா, பரிகாசமா என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

கோப்பெங்கிலிருந்து கிழக்கே, உலு கெரோ என்னும் செமாய்ப் பழங்குடியினரின் கிராமத்துக்கு ஒரு சிறு சாலை மலைக்குள் நுழைகிறது. நிழல் உண்டு, ஏற்றமும் உண்டு. ராஜா புரூக் என்னும் பெரிய கரும்பச்சை வண்ணத்துப்பூச்சிகள் அங்கே ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கிராமத்துக்குள் போகுமுன் இறங்கி, அங்குள்ள தலைவரான பாத்தினிடமோ பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

பாப்பான், பூசிங் பக்கத்து வழி சமதரை. ஈயக் குட்டைகளின் ஓரமாகப் போகும். பாப்பானில் சிபில் கார்த்திகேசு ஜப்பானியர் காலத்தில் ரகசியமாகப் போராளிகளுக்கு வைத்தியம் பார்த்த வீடு இருக்கிறது. அங்கே இறங்காமல் போய்விடாதே.

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங், லாசா பக்கம் போகும் வழிகளே என் மனசுக்கு உகந்தவை. 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த பூமி அது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஜனங்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்த சம்பந்தன் பிறந்த ஊரும் அதுவே. அந்தத் துண்டாடலின் பலனைச் சைக்கிளில் போகிறவர்கள் இன்றும் காணலாம்: தொடர்ந்து போகவேண்டிய சாலை திடீரென்று ஒரு வேலியிலோ பூட்டிய கேட்டிலோ முடிந்துவிடும். பூட்டைத் தாண்டிக் குதிக்காதே. காவல்காரரான ஜாகாவிடம் மரியாதையாகக் கேள். பெரும்பாலும் விடுவார், விடாவிட்டால் திரும்பிவிடு.

பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டதால் சங்கடங்களும் மாறியிருக்கின்றன. செம்பனை மட்டையின் முள் டயரைத் துளைக்கும்; ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும். நிரைகள் எல்லாம் ஒரே முகம் கொண்டவை, திசை தப்பும். தித்திவங்சாப் பக்கத்தில் வழி தவறினால் ஓடும் நீரைப் பார்த்து மேற்கே இறங்கு, பழைய நெடுஞ்சாலை கிடைக்கும். அதே பக்கத்தில் சூரியன் மலையைத் தாண்டி வரத் தாமதமாகும் ஆதலால் காலைப்பொழுது குளுமை. ஏழு மணியளவில் வெளிச்சம் கண்டதும் புறப்பட்டு, மதியத்துக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடு. பிற்பகல் இடிமழையில் செம்மண் சாலை எண்ணெய் தடவிய தோசைக்கல்லாக ஆகிவிடும். மெல்லிய டயர் உதவாது. நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாத டயரைப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள். நாய் துரத்தினால் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நட. லாசாவுக்கு அப்பால் புதிய யானைச் சாணம் கண்டால் வீரம் பேசாமல் திரும்பு.

தோழிகளை முதல்நாள் இரவே இங்கே அழைத்து வந்துவிடு; உன் பெரியம்மா விடியுமுன் பசியாறக் கொடுத்து அனுப்புவாள். கேமரனைப் பற்றி, சுங்கை சிப்புட் போய்வந்த பிறகு பேசலாம். சீட் உயரம் சரியில்லை என்று எழுதியிருந்தாய். பூந்தோங்கில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார், வண்டியோடு வா, ஐந்து நிமிஷ வேலை.

இங்ஙனம்,
உன் பெரியப்பா