ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு: நுரையீரல் நோயாளிக்கு நாம் செய்ய வேண்டியவை



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். வீடு திரும்பியதும் 'அல்ஹம்துலில்லாஹ், சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு, வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம். பலர் அந்த நாட்களில் மீண்டும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இப்படி அடிக்கடி திணறல் வந்தால் நுரையீரலின் பலம் வேகமாகக் குறைகிறது.

இது என்ன நோய்?

டாக்டர்கள் இதை சி.ஓ.பி.டி. என்பார்கள். நாம் இளைப்பு, மூச்சிரைப்பு என்கிறோம். பல ஆண்டுகள் புகையோ தூசியோ உள்ளே போனதால் மூச்சுக்குழாய் சுருங்கி, காற்று வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. பீடி, சிகரெட் முதல் காரணம். புகையே பிடிக்காத நம் தாய்மார்களுக்கும் விறகடுப்பால் இது வருகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள அரியலூர் மாவட்டத்தில், தூசியில் வேலை செய்கிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இது தொற்று நோய் அல்ல. முழுதாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைத்துப் பல ஆண்டுகள் நன்றாக வாழலாம்.

ஏன் மீண்டும் திணறல் வருகிறது?

பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும். இன்ஹேலரைச் சரியாக இழுக்கத் தெரிவதில்லை. மருந்து தீர்ந்ததும் வாங்குவதில்லை. மூச்சு லேசானதும் பீடி திரும்ப வந்துவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியது உள்ளூர் டாக்டருக்குத் தெரிவதில்லை. ஆளாளுக்கு ஒரு பகுதியைப் பார்க்கிறார்கள்; முழுதையும் பார்க்க ஆளில்லை.

இதைச் சரிசெய்தால் பலன் உண்டா என்று ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் பெல்ஜியத்தின் லூவனிலும் 155 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு டிஸ்சார்ஜின்போதே தனித் திட்டம் எழுதி, அதை உள்ளூர் மருத்துவக் குழுவுக்கும் தெரிவித்து, சந்தேகம் வந்தால் போனில் கேட்க ஒரு நர்ஸையும் ஏற்பாடு செய்தார்கள். அவர்களில் 49 சதவீதம் பேர் ஓராண்டு முழுவதும் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேரவில்லை. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 31 சதவீதம் பேர்தான். புது மருந்து எதுவும் தரவில்லை; கவனிப்பைத்தான் ஒன்றாக இணைத்தார்கள். பக்கத்துக் கேரளத்திலும் அரசு குடும்ப நல மையங்களில் 'ஸ்வாஸ்' கிளினிக்குகள் மூலம் இந்நோயை ஊருக்குள்ளேயே கவனிக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கேட்க வேண்டியவை

1. எந்த மருந்து தினமும், எந்த மருந்து திணறும்போது மட்டும்? சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.
2. நர்ஸ் முன்னால் நோயாளியே இன்ஹேலரை இழுத்துக் காட்டட்டும். ஸ்பிரே வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பவுடர் வகையை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.
3. அடுத்து எப்போது வர வேண்டும்? நான்கு வாரத்துக்குள் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் டாக்டர் பார்ப்பது நல்லது.
4. வீட்டில் ஆக்சிஜன் தேவையா? எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம்? சொன்ன அளவை நாமாகக் கூட்டக் கூடாது. இந்நோயாளிகளுக்கு அதிக ஆக்சிஜனும் கெடுதல். அதன் அருகே அடுப்பு, பீடி, ஊதுபத்தி எதுவும் கூடாது.
5. மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, ஃப்ளூ மற்றும் நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

யார் எதைப் பார்ப்பது?

திருமானூர் பக்கத்திலிருந்து சிலர் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கும், சிலர் 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார்கள். எங்கே போனாலும், டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை அந்த வாரமே உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வருகிறவர்கள் உண்டு. இயன்முறை சிகிச்சையும் இதில் அடங்கும். வருகிறவரிடம் நுரையீரல் நோயையும் சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மகனோ மருமகளோ, யாராயினும் ஒருவர். மருந்து, தேதி, சளியின் நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதினால் போதும். சாம்பிராணிப் புகையை அந்த வீட்டில் நிறுத்துங்கள். வாசனை வேண்டுமென்றால் அத்தர்கூட நோயாளிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தே பூசுங்கள்.

ஜமாஅத்தின் பங்கும் உண்டு. முதல் மூன்று நாட்களுக்குள் ஒருவர் போய் 'மருந்து இருக்கிறதா, போக வர வண்டி இருக்கிறதா?' என்று கேட்பதே உண்மையான நலம் விசாரிப்பு. இன்ஹேலர் வாங்க முடியாத வீட்டுக்கு நம் சதகா போய்ச் சேரட்டும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி விறகில் காய்ச்சினால், புகை தொழுகிறவர்கள் பக்கம் வராமல் பாருங்கள்.

தொழுகையும் நோன்பும்

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்கலாம். குணமாகும் வாய்ப்பில்லாதவருக்கு ஃபித்யா உண்டு. இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ரமலானுக்கு முன்பே டாக்டரிடமும் இமாமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். யாரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

சளி அதிகமாகி மஞ்சளாக, பச்சையாக மாறினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டில் கலந்து பேச

நம் தெருவில் இந்த நோயோடு இருப்பவர் யார்? அவருடைய மருந்தைக் கவனிக்கும் ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த ஒருவராக நம்மில் யார் இருக்கப் போகிறோம்?

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்பவர்களுக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.