நிலத்தடி நீரும் உள்ளத்து ஒழுக்கமும்

தனி மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வது ஒரு வேலை, ஊரைத் திருத்துவது வேறொரு வேலை என்று எண்ணுவோர் பலர். முன்னது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் உரியது என்றும், பின்னது அரசாங்கத்துக்கும் சங்கத்துக்கும் உரியது என்றும் அவர்கள் பங்கிட்டு வைத்திருக்கின்றனர். இவ்விரண்டையும் பிரித்தால் இரண்டுமே நிலைக்கமாட்டா என்பது நமது கருத்து. அதனை நம் அங்கத்தினர்கள் நாள்தோறும் காணும் பாலாற்றுப் படுகையைக் கொண்டே இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

1. ஆற்றுக்கு நேர்ந்தது

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகச் சென்று, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது மேலே வெறும் மணலாகவே காட்சியளிக்கும். ஆயினும் மணலுக்கடியில் ஊர்ந்து செல்லும் நீரே நெடுங்காலமாகக் கிணறுகளையும் ஊற்றுக்கால்வாய்களையும் வாழ்வித்து வந்தது. ஆகவே பாலாற்றின் செல்வம் கண்ணுக்குத் தெரியாத செல்வம். இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இப்படுகையில் தோல் பதனிடுதல் பழைய தொழில். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதற்குப் பயன்பட்டன. பின்னர்க் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவிற்று. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன்மேல் இடும் கறியுப்பும், மயிர் நீக்க இடும் சுண்ணாம்பும், பதனிடும் சரக்குகளும் கழிவுநீரிற் கரைந்து வெளியேறுகின்றன. ஒரு கிலோ தோலை முழுமையாகப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பில் குறித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுச் செய்தியும் அத்தீர்ப்பில் இடம் பெற்றது.

இத்தொழிலை இகழ்வது நம் நோக்கமன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவது இதுவே. காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். நெசவாளரும் உழவரும் தோல் தொழிலாளரும் ஒரே வீட்டில் வாழும் ஊர்கள் இங்கு உண்டு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆற்றைக் கெடுக்க வேண்டும் என்று ஒருவருமே எண்ணாதபோது, ஆறு எவ்வாறு கெட்டது?

விடை எளிது. தன் வாய்க்காலிற் செல்லும் நீர் சிறிதே என்று ஒவ்வொருவரும் எண்ணினர். அது மண்ணுக்குள் இறங்கியதும் கண்ணுக்கு மறைந்தது. கண்ணுக்கு மறைந்ததும் மனத்துக்கும் மறைந்தது. அடுத்த ஊர்க் கிணற்றில் உப்புக் கரித்தபோது, அது எவருடைய உப்பு என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலவில்லை.

2. சட்டத்தின் கை எட்டும் தூரம்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியும், தீங்கு நேரும் முன்னரே காக்க வேண்டும் என்ற நெறியும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உரைத்தது. வழக்கிற்குட்பட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் அதிகாரக் குழுவை அமைக்குமாறும் ஆணையிட்டது. நம் ஆற்றின் பெயரால் எழுந்த இவ்வழக்கு இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளிற் பாடமாக உள்ளது.

இருந்தும், 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே வேலூர் வட்டாரத்தின் மாசு பற்றி மீண்டுமொரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு அளிக்கவும், அத்தொகையை மாசு செய்தோரிடம் வசூலிக்கவும், ஆற்றைச் சீர்திருத்தக் குழு அமைக்கவும் அது உத்தரவிட்டது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. சட்டம் வேண்டாம் என்று இதனாற் கொள்ளலாகாது. சட்டம் இல்லாவிடில் ஏழை உழவனின் குரல் நீதிமன்றத்தின் வாயிலைக்கூட எட்டியிராது. ஆனால் சட்டம் கண்டதைத்தான் தண்டிக்கும். கதவு மூடிய பின்னும், இருட்டிய பின்னும், மண்ணுக்கடியிலும் நிகழ்வதைக் காண அதற்குக் கண் இல்லை.

பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை இதற்குச் சான்றாகக் காட்டலாம். பல தொழிற்சாலைகள் பங்கு சேர்ந்து அமைத்துக்கொள்ளும் இந்நிலையங்கள், தன்மையில் கூட்டுறவை ஒத்தவை. உப்பை உதறி நீக்குவதும், குரோமியம் கலந்த நீரைத் தனியே பிரிப்பதும் அந்தந்தத் தொழிற்சாலையில் நடக்க வேண்டிய முதல் வேலைகள். ஓர் உறுப்பினர் அதனைச் செய்யாமல் எல்லாவற்றையும் பொதுக்குழாயில் விட்டால், ஒழுங்காக நடந்த மற்றவரின் முயற்சியும் வீணாகிறது. இயந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும், அதன் வாயில் நிற்கும் மனிதனின் நேர்மையே அதன் அளவு.

3. நாகநதிப் பெண்கள்

இனி நம்பிக்கை தரும் செய்தியைக் காண்போம். ஜவ்வாது மலைத்தொடரில் தோன்றி, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஊர்களைத் தொட்டுச் செல்லும் நாகநதி பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. கிணறுகள் வற்றின. குடிநீருக்குப் பெண்கள் குடமெடுத்து நெடுந்தூரம் நடந்தனர். 2014 முதல் அவ்வூர்ப் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சு கிணறுகளையும் கல் தடுப்பணைகளையும் அமைக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 20,000 பெண்கள் பங்கு கொண்ட இப்பணியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறிஞ்சு கிணறுகள் உருவாயின. 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் கூலி கிடைத்தது. மூச்சுப் பயிற்சியும் தியானமும் கற்பிக்கும் வாழும் கலை அமைப்பு பணியை வழிநடத்திற்று. 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் இப்பெண்களைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

இவ்வேலையின் நுட்பத்தை உழவர்கள் எளிதில் அறிவர். சரிவில் வேகமாய் ஓடும் மழைநீரைக் கல் தடுப்பு மெதுவாக்குகிறது. வண்டல் அங்கே தங்குகிறது. தெளிந்த நீர் அடுத்துள்ள உறிஞ்சு கிணற்றில் இறங்கி, கூழாங்கல்லும் மணலும் வழியாகக் கீழ்நிலத்தை அடைகிறது. மழையின்றி எந்தக் கிணறும் நிறையாது. ஆனால் வந்த மழை கடலுக்கு ஓடிவிடுவதா, ஊரில் தங்குவதா என்பதை மனிதர் முடிவு செய்யலாம்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. உறிஞ்சு கிணற்றை வெட்டியவள் அதிலிருந்து ஒரு குடம் நீரும் எடுப்பதில்லை. அவள் இறக்கிய நீர் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து, எவருடைய கிணற்றிலோ ஊறுகிறது. அது வேறு தெருவாக இருக்கலாம். வேறு சாதியாரின் நிலமாகவும் இருக்கலாம். முன்னே நாம் கண்ட தீங்கு எந்த வழியே சென்றதோ அந்த வழியே இந்நன்மையும் செல்கிறது. அங்கே தன் உப்பு பிறர் கிணற்றைச் சேர்ந்தது; இங்கே தன் உழைப்பு பிறர் கிணற்றைச் சேர்கிறது.

இது கூலிக்குச் செய்த வேலைதானே என்று சிலர் கேட்கலாம். கூலி உழைப்பவரின் உரிமை. அதனைப் பெற்றதனால் தொண்டு குறைந்துவிடாது. ஆனால் கூலி குழியைத்தான் வெட்டும். நீர் இறங்கத்தக்க இடத்தைத் தேர்வதும், அடுத்த மழைக்கு முன் வண்டலை வாருவதும், அக்கறை உள்ள மனத்தாலன்றி நடவா.

4. திருப்பத்தூரின் பழைய சான்று

இவ்விணைப்பு நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியோர் இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனர். கதர் உடுத்து, எளிய உணவுண்டு, வழிபாட்டுக்கும் மௌனத்துக்கும் நேரம் ஒதுக்கி, எஞ்சிய நேரமெல்லாம் நோயுற்ற கிராம மக்களுக்கு உழைத்தனர். தமிழ்க் கோயிற் கட்டட மரபில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் இன்றும் காணத்தக்கது. ஆண்ட நாட்டவரும் ஆளப்பட்ட நாட்டவரும் அண்ணன் தம்பியாக வாழ்ந்து காட்டியதும் அவர்கள் செய்த சமுதாயத் தொண்டே.

இலங்கையில் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன 1958-ல் மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கமும் இவ்வழியதே. போடும் சாலை ஊருக்குப் பயன்படுவதோடு, போடுவோரின் மனத்தையும் பண்படுத்த வேண்டும் என்பது அதன் கொள்கை. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யினும் நீரை விரயம் செய்யலாகாது என்பது இஸ்லாமிய மரபில் நன்கு அறியப்பட்ட போதனை. சமயம் எதுவாயினும் பயிற்சி ஒன்றே: கணக்குக் கேட்பார் இல்லாத இடத்திலும் தனக்குத் தானே கணக்குக் கொடுத்தல்.

5. உள்வளர்ச்சி என்பது யாது?

மேற்கூறியவற்றால் உள்வளர்ச்சி என்ற சொல்லுக்கு நாம் பொருள் வரையறுக்கலாம். கண்ணை மூடி அமர்வது அதற்கு வழியாகலாம், அதுவே முடிவன்று. காணாத இடத்தில் தீங்கு செய்யாமையும், தன் பெயர் பொறிக்கப்படாத நன்மைக்கு மனமுவந்து உழைத்தலுமே உள்வளர்ச்சியின் அடையாளங்கள். நெசவாளர் இதனை அறிவர். அங்குலத்துக்கு இத்தனை ஊடை என்று சங்கம் குறித்திருக்க, மடிப்பின் உட்புறத்தில் குறைத்து நெய்தால் அன்று எவருக்கும் தெரியாது. சில சலவைக்குப் பின் அந்தச் சங்கத்தின் முத்திரையே மதிப்பிழக்கும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். உள்வளர்ச்சி என்ற பெயரால் குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும், கணக்குக் கேட்பவரை அமைதியாயிரு என்று அடக்குவதும் வஞ்சனை. தியானம் நியாயமான கூலிக்கு ஈடாகாது. பஜனை தணிக்கைக்கு ஈடாகாது. உண்மையான உள்வளர்ச்சி கேள்விக்கு அஞ்சாது.

6. நம் சங்கங்களில் தொடங்கத்தக்கவை

முதலாவது, மாதக் கூட்டத்தை ஐந்து நிமிட மௌனத்துடன் தொடங்கி, உடனே வரவு செலவை உரக்கப் படிப்போம். இரண்டையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத வழக்கமாக்குவோம். இரண்டாவது, ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தும் முன், மழைநீர் இறங்க அதன் அருகே ஓர் உறிஞ்சு குழி அமைப்போம். மூன்றாவது, சாயத் தொட்டி நீரை வாய்க்காலில் விடும் நெசவாளர், அதனைச் சங்கத்தின் பொதுப் பொறுப்பாக்கி வழி காண்போம். நான்காவது, பருவமழைக்கு முன்னும் பின்னும் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து சங்கப் பலகையில் எழுதுவோம். காணாததைக் காணச் செய்யும் முதற்படி அளவு. ஐந்தாவது, மாதத்தில் ஒரு நாள், தம் தெருவுக்கன்றி அடுத்த தெருவுக்கு உழைப்போம்.

கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. நம் தொழிலில் பிறர் கண்ணுக்குத் தெரியாத இடம் எது? அங்கே நாம் எவ்வாறு நடக்கிறோம்?

2. நம் ஊரில் பெய்யும் மழை எவ்வழியே வெளியேறுகிறது? அதனை எங்கே நிறுத்தலாம்?

3. நம் உழைப்பின் பயன் நமக்கு வேண்டாதவர் கிணற்றைச் சேரும் என்றால், நாம் அவ்வுழைப்புக்கு வருவோமா?

மூன்றாம் வினாவுக்கு அவசரமின்றி விடை கூறுக. அவ்விடையைப் பொறுத்தே முதல் இரண்டும் நிறைவேறும்.