பனங்கிழங்குப் பாத்தி

தூத்துக்குடி ஜில்லாவில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் முதலிய பகுதிகளிலுள்ள செம்மணல் தேரிகளில் நெல் விளைவதில்லை. ஆயினும் பனை செழித்து நிற்கிறது. பதநீர், நுங்கு, கருப்பட்டி ஆகியவற்றின் பயனை யாவரும் அறிவர். ஆவணி, புரட்டாசி மாதங்களில் தானே உதிரும் பழத்தின் கொட்டையோ பல இடங்களில் மரத்தடியிலேயே கிடந்து வீணாகிறது. அதனைப் பாத்தியிலிட்டால் பொங்கற் காலத்தில் நல்ல உணவு கிடைக்கும். இதற்கு உரம் வேண்டுவதில்லை; நீரும் சொற்பமே.

கிழங்கு உண்டாகும் விதம்

பனங்கிழங்கு மரவள்ளியைப் போல் வேர் பருத்து உண்டாவதன்று. அது பனையின் இளநாற்றேயாகும். கொட்டை முளைக்குங்கால் அதன் கண்ணிலிருந்து தண்டு போன்ற ஓர் உறுப்பு வெளிப்பட்டு, நாற்றின் கருவைத் தன் நுனியில் ஏந்திக்கொண்டு, நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. கொட்டையினுள் வெண்மையான தவின் வளர்ந்து, கடினமான பருப்பைக் கரைத்து உறிஞ்சி, அச்சத்தை நாற்றுக்கு அனுப்புகிறது. அது முதல் இலையின் உறையில் மாவாகச் சேர்ந்து பருப்பதே கிழங்கு. ஆகையால் மண் நெகிழ்ந்திருந்தால் கிழங்கு நீண்டு நேராக வளரும். இறுகியிருந்தால் குட்டையாகவும் கோணலாகவும் போய்விடும்.

பாத்தி அமைத்தல்

நன்கு பழுத்து உதிர்ந்த பழங்களையே சேகரிக்க வேண்டும். ஒரு பழத்தில் பொதுவாக ஒன்று முதல் மூன்று கொட்டைகள் இருக்கும். சதை நீக்கி, வண்டு துளைத்தவற்றையும் கனமற்றவற்றையும் கழித்துவிடுதல் நலம்.

நீர் தேங்காத இடத்தில், மணலை ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம் மேடாகக் குவித்து, மேற்பரப்பைச் சமன் செய்க. கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, இரண்டு விரற்கடை மணலால் மூடி, அதன்மேல் காய்ந்த ஓலையைப் பரப்புக. நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்தியில் நூறு கொட்டைகள் கொள்ளும். கொல்லை இல்லாதவர்கள் பழஞ்சாக்கில் மணல் நிரப்பிச் சில கொட்டைகளை இடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரையிலும், மழை தவறிய காலத்திலும், ஈரம் காயாதபடி நீர் தெளித்தால் போதும்.

தோண்டுதல்

புரட்டாசியில் இட்ட பாத்தி தை மாதத்தில் தோண்டத் தகுந்ததாகும். மேலிருந்து பிடுங்கினால் கிழங்கு முறியும்; பாத்தியின் ஒரு பக்கத்தில் மண்ணை வெட்டி அகற்றி, அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் நார் முற்றிச் சுவை குன்றும்.

உண்ணும் முறை

மேல்தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து நன்றாக வேகவைத்து, நடுவிலுள்ள குருத்தையும் நாரையும் நீக்கி உண்பது வழக்கம். பாக் நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்தார் பச்சைக் கிழங்கைப் பிளந்து உலர்த்தி ஒடியல் என்றும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியல் என்றும் சேமிக்கின்றனர். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, அந்நீரை இறுத்துவிட்டுப் பின்னரே கூழாகவும் பிட்டாகவும் சமைக்கின்றனர். இது வெறும் சம்பிரதாயமன்று. இலங்கையில் நடந்த ஆராய்ச்சிகளில், வேகாத மாவை உண்ட எலிகளுக்குத் தீங்கு உண்டாயிற்று. ஆகவே பச்சைக் கிழங்கை உண்ணலாகாது; குழந்தைகளுக்கு இதில் கவனம் அவசியம்.

மரத்துக்குரிய பங்கு

தோண்டி எடுத்த கிழங்கு ஒருபோதும் மரமாகாது. ஆகையால் பழம் முழுவதையும் கிழங்குக்கே செலவிடும் ஊரில், மூத்த மரங்கள் விழும்போது அவற்றின் இடத்தைப் பிடிக்க இளங்கன்று இராது. செங்கற் சூளைக்கும் பிறவற்றுக்கும் வெட்டப்பட்ட மரங்களோ மிகுதி. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதனை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. ஆனால் தடை இருக்கும் மரத்தைக் காக்குமேயன்றிப் புதிய மரத்தை உண்டாக்காது.

பாத்தியில் இரண்டொரு கிழங்கை எஞ்சவிட்டால் போதும் என்று எண்ணுவது பிசகு. அவை நெருக்கத்தில் நலிவதோடு, ஆழ வேரூன்றியபின் பெயர்த்து நடவும் இயலாது. பாத்தியிடும் நாளிலேயே பத்துக்கு ஒரு கொட்டையைத் தனியே எடுத்து, வரப்பிலும் வேலியோரத்திலும் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடிக் குழியில் ஊன்றுதல் வேண்டும். அது பலன் தரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆண் பனையா பெண் பனையா என்பதும் பாளை விட்ட பின்னரே தெரியும். ஆயினும் அதற்குள் அதன் வேர் மணலைப் பிடித்து நிறுத்தும்.

நூறு கொட்டையுள் தொண்ணூறு இவ்வாண்டுப் பொங்கலுக்கு. பத்து, பேரப்பிள்ளைகளின் பதநீருக்கு. இக்கணக்கை ஒவ்வொரு வீட்டாரும் கைக்கொண்டால் தேரியில் பனை குன்றாது.